பழம்பிரதியும் எதிர்கால அங்கதமும்: ஜப்பானிய, தமிழ் அறிவியல் புனைவுகளின் பாட வரலாறு குறித்து

அறிவியல் புனைவு விரைவில் பழமையடையும் இலக்கிய வகை. அங்கத அறிவியல் புனைவோ இன்னும் விரைவாகப் பழமையடைகிறது. எதிர்காலத்தைக் காட்டினாலும் அது எள்ளுவது எழுதப்பட்ட காலத்தையே. ஆதலின் ஒரு கதையின் மறுபதிப்பைக் காட்டிலும் அது முதலில் வெளிவந்த வடிவம் ஆய்வாளனுக்குக் கூடுதலாகப் பேசும். அவ்வடிவம் பலவேளை எஞ்சி நிற்கும் இடம் பழைய புத்தகக் கடை.

ஜப்பானிய எழுத்தாளர் ஷினிச்சி ஹோஷியின் (1926–1997) படைப்புகள் இதனைத் தெளிவாக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிகச்சிறு கதைகளை எழுதிய அவரது 'பொக்கோ-சான்' 1958இல் வெளிவந்தது. மதுக்கடை உரிமையாளர் ஒருவர் அழகிய பெண் வடிவில் ஓர் இயந்திரத்தைச் செய்து வைக்கிறார். பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதும், வாங்கித் தரும் மதுவைக் குடிப்பதுமே அதற்குத் தெரிந்தவை. குடித்த மது அடியிலுள்ள குழாய்வழி வடிந்து மீண்டும் வாடிக்கையாளர்களின் கோப்பைக்கே வருகிறது. காதலில் தோற்ற இளைஞன் ஒருவன் அதற்கு நஞ்சூட்ட, கடையிலிருந்த மாந்தர் அனைவரும் மடிகின்றனர். சிக்கனம், போலி நாகரிகம், ஆண்களின் தற்காதல் ஆகிய மூன்றையும் சில பக்கங்களில் ஹோஷி முடித்துவிடுகிறார்.

அவர் தம் கதைகளை மறுபதிப்புகளின்போது திருத்திக்கொண்டே இருந்தார். தொலைபேசியில் எண்வட்டைச் சுழற்றும் செயலைக் குறித்த தொடர்கள், வெறுமனே தொலைபேசியில் அழைப்பதாக மாறின. காலத்தின் சுவடு கதையில் தங்கலாகாது என்பது அவர் கொள்கை. அதனால் அவர் அழித்த காலத்தைக் காண விரும்புவோர் பழைய அச்சுப் பிரதிகளையே நாடவேண்டியுள்ளது. தோக்கியோவின் ஜிம்போச்சோ பழம்புத்தகத் தெரு போன்ற இடங்களின் ஆய்வுப்பயன் இதில் அடங்கும்.

தமிழில் சுஜாதா (1935–2008) நேர்மாறான வழியைத் தேர்ந்தார். 1980களில் 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' தன் கதைக்காலத்தை 2021 என வெளிப்படையாகவே குறித்தது. குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டிய நாடு, இரண்டெழுத்துப் பெயர்கள், ஜீவா என்னும் தலைவன், நூல் படித்துச் சிந்திக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய் என அக்கதை விரிகிறது. மக்கள் வணங்கும் தலைவன் வெறும் ஒளிப்பிம்பம் என்பது அங்கதத்தின் உச்சம். அவசரநிலை (1975–77) முடிந்து பத்தாண்டு அளவே கடந்திருந்த வாசகருக்கு ஜீவாவின் நாடு முற்றிலும் அயலானதாக இருந்திருக்காது.

இதே இதழ் 1987இல் அட்டைப்படத்தில் வெளியிட்ட ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. எதிர்ப்பு எழவே சில நாட்களில் அவர் விடுதலையானார். நிகழ்கால உறுப்பினர்களைப் பற்றிய ஒரு துணுக்கு சிறைக்கு இட்டுச்சென்ற பத்தாண்டில், 2021இன் சர்வாதிகாரி வாரந்தோறும் இடையூறின்றி எள்ளப்பட முடிந்தது. ஆண்டு எண் இங்குக் கதையணி மட்டுமன்று, கேடயமும்கூட. தொடரைச் சூழ்ந்திருந்த கேலிச்சித்திரங்களையும் துணுக்குகளையும் நூற்பதிப்பு தருவதில்லை.

அவற்றைத் தருவன வாசகர் தாமே கட்டிவைத்த தொகுதிகள். சேலம், நாமக்கல் சமவெளிக்கு அறிவியல் புனைவு புதிதன்று. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்க நிறுவனத்துடன் இணைந்து 1952இல் எடுத்த 'காடு' படத்தில் யானைகளுக்கு உரோமம் போர்த்தி, அழிந்துபோன மாமதங்களாக உலவவிட்டது. (அப்படத்தில் அங்கதம் ஏதுமில்லை, யானைகளைப் பார்த்து இன்று வரும் சிரிப்பு இயக்குநர் எண்ணியதன்று.) எழுத்தில் வந்த கதைகளோ, தமிழகத்தின் பிற பகுதிகளில் போலவே இங்கும் வார இதழ் வழியே வீடு சேர்ந்தன. தொடரின் தாள்களைக் கிழித்துச் சேர்த்து, நூலால் தைத்து, காலிகோ அட்டையிட்டுப் பைண்டு செய்து வைப்பது வழக்கம். குடும்பம் வீடு மாறும்போதோ, லெண்டிங் லைப்ரரி மூடப்படும்போதோ இவை எடைக்குப் போடப்படும்.

இத்தொகுதிகளில் குறையும் உண்டு. ஓரம் வெட்டும்போது இதழின் தேதியும் பக்க எண்ணும் போய்விடும். ஆயினும் கிழித்த தாளின் மறுபக்கத்தில் திரைவிமர்சனமோ விளம்பரமோ தங்கியிருக்கும்; படம் வெளியான நாளைக்கொண்டு இயலின் காலத்தை அணுகிக் கணிக்கலாம். அட்டவணையாளர்கள் இவற்றை 'முழுமையற்ற இதழ்' என ஒதுக்குவது தவறான நடைமுறை. பழைய நூல்களைத் தேடித்தேடி வாங்கிய கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரம், 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தால் பெறப்பட்டு ஆய்வு நூலகமாயிற்று. சென்னை மூர் மார்க்கெட்டோ 1985இல் தீக்கிரையாயிற்று.

தொகுதிகளின் உரிமை முத்திரைகளையும் பதிவு செய்தல் வேண்டும். நாமக்கல் 1997 சனவரி முதல் நாளில்தான் தனி மாவட்டமாயிற்று. இராசிபுரத்து நூல் நிலையம் ஒன்றின் முத்திரையில் 'சேலம் மாவட்டம்' என்றிருப்பின், அம்முத்திரை அதற்கு முன்னரே செய்யப்பட்டது என்று கொள்ளலாம். பழைய ரப்பர் முத்திரையையே பின்னரும் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்பதால் தொகுதியின் காலத்தைத் தாளின் மறுபக்கத்தோடு ஒப்பிட்டே துணிதல் வேண்டும்.