அழியாது மறைதல்: இசுப்பானிய நாளிதழ்கள் இரண்டின் பழஞ்செய்திகள்

ஏட்டுச் சுவடிகள் நீரிலும் நெருப்பிலும் செல்லின் வாயிலும் அழிந்த வரலாற்றை நாம் நன்கு அறிவோம். ஏடு அழியாமல் இருந்த இடத்திலேயே இருக்க, அதனிடம் செல்லும் வழி மட்டும் அடைபடுதல் நம் காலத்துக்கே உரிய நிலையாகும். வலைத்தளங்களிற் காக்கப்படும் பழஞ்செய்திகளுக்கு இந்நிலை நேர்ந்தமையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தளந்தோறும் சென்று பக்கங்களைப் படித்து, தேடுபொறிக்கு அட்டவணை அமைத்துத் தரும் நிரல்களை எந்தெந்தப் பகுதிக்குள் புகவிடுவதில்லை என அறிவிக்கும் முறையினை 1994-இல் மார்ட்டின் கோசுட்டர் வகுத்தார். ‘ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி’ என்பது அவ்வறிவிப்புக் கோப்பின் பெயர். ‘நோஇண்டெக்ஸ்’ என்பது வேறொரு குறி. பக்கத்தைப் படிக்கலாம், அட்டவணையிற் சேர்த்தல் கூடாது என்பது அதன் பொருள். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வார் பலர், அது பிழை. வாயிலிலேயே தடுக்கப்பட்ட நிரல் உள்ளிருக்கும் குறியைக் காண இயலாது. ஆகவே பிற தளங்கள் சுட்டும் இணைப்பைக் கொண்டு அப்பக்கத்தின் முகவரி அட்டவணையில் ஏறிவிடுதலும் உண்டு. மறைக்க விரும்புவோன் கதவைத் திறந்தே வைத்தல் வேண்டும் என்பது விந்தையே!

இனி வழக்குகளுக்கு வருவோம். 1998-இல் ‘லா வான்குவார்தியா’ என்னும் நாளிதழ், கடனுக்காக ஒருவரது உடைமை ஏலத்துக்கு வருவதை அரசின் ஆணைப்படி அறிவித்தது. ஆண்டுகள் பல சென்ற பின்னரும் அவர் பெயரைக் கூகிளில் இட்டால் அவ்வறிவிப்பே தோன்றிற்று. 2010-இல் இசுப்பானியத் தரவுக் காப்பு அமைப்பு, இதழின் மீதான முறையீட்டைத் தள்ளி, கூகிளின் மீதானதை ஏற்றது. 2014 மே 13-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும், இதழிற் செய்தி நிலைத்திருப்பினும் பெயர்வழித் தேடலின் விடைகளிலிருந்து இணைப்பை நீக்குமாறு தேடுபொறியைப் பணிக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. செய்தி வேறு, அதனை ஒருவர் பெயரோடு பிணிக்கும் அட்டவணை வேறு என்னும் பகுப்பு இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றது.

‘எல் பாயிசு’ நாளிதழின் வழக்கு இதனினும் நுட்பமானது. போதைப்பொருள் குற்றம் பற்றி 1985-இல் வந்த செய்தியொன்று, 2007-இல் அவ்விதழ் தன் பழந்தொகுதியை யாவர்க்கும் திறந்துவிட்டபோது மீண்டும் வெளிப்பட்டது. அதிற் பெயர் சுட்டப்பட்ட இருவர் வழக்குத் தொடுத்தனர். 2015-இல் இசுப்பானிய உச்ச நீதிமன்றம், வெளித் தேடுபொறிகள் அப்பக்கத்தை அட்டவணைப்படுத்தாவாறு இதழே தடுத்தல் வேண்டும் என்றது. செய்தியின் எழுத்தைத் தொடலாகாது என்றும் உரைத்தது. 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருபடி மேற்சென்று, இதழின் சொந்தத் தேடற்பகுதியிலும் அவர்தம் பெயர்கொண்டு தேடுதலை விலக்கிற்று. அப்போதும் செய்தியினுள் பெயரை மாற்றுதல் தேவையில்லை என்றே முடிவு கூறிற்று.

பழைய மூலத்தைத் திருத்த மறுத்த இவ்வுறுதியை நாம் பெரிதும் போற்றுகின்றோம். தண்டனை கழிந்து நெடுங்காலம் ஆன பின்னர் ஒருவனை அவன் அண்டை வீட்டார் ஒரு நொடியில் இனங்கண்டு இகழ இடந்தருதல் வரலாற்றுத் தொண்டாகாது. ஆயினும் ஆராய்ச்சியாளர் கருத வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. 2014-இன் தீர்ப்பு பெயர்வழித் தேடலை மட்டுமே தடுக்கின்றது. பிற சொற்களால் தேடுவார்க்கு அப்பக்கம் கிடைக்கும். நோஇண்டெக்ஸ் குறியோ எச்சொல்லால் தேடினும் பக்கம் முழுவதையும் வெளித் தேடுபொறியினின்று விலக்கிவிடும். பெயரைக் காக்க வந்த குறி பொருளையும் உடன் மறைக்கின்றது. மறைத்தமைக்குரிய தடயமும் தேடுவார் கண்ணிற்படுவதில்லை. ஏடு கிழிந்திருந்தால் கிழிந்த விளிம்பேனும் தெரியும். தேடுபொறி காட்டாமையால் ஒரு செய்தி இல்லையென முடிவுகட்டும் ஆய்வேடுகள் இதனாற் பிழைபட நேரும்.

1985-ஆம் ஆண்டின் அச்செய்தியைக் காண விழைவார், அந்நாளிதழின் பழந்தொகுதிக்குள்ளேயே புகுந்து, நாளும் பொருளும் கொண்டு தேடுதல் வேண்டும். அவ்விருவர் பெயர் மட்டும் அறிந்து வருவார்க்கு அங்கும் வழியில்லை.