பாட்டு இல்லாத படத்துக்கு யார் டிக்கெட் எடுப்பது?



விழுப்புரத்துக்கும் சினிமாவுக்கும் என்ன தொடர்பு என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "சிவாஜி பிறந்த ஊர்" என்று பட்டென்று சொல்வார்கள். உண்மைதான். 1928 அக்டோபர் 1 அன்று இங்கேதான் பிறந்தார். வி.சி. கணேசன் என்ற பெயரில் இருக்கும் 'வி' நம் ஊர்தான். ஆனால் இந்த முறை நான் எழுத வந்தது கட்டபொம்மனைப் பற்றியோ பாசமலரைப் பற்றியோ அல்ல. வழக்கமான பாதையை விட்டு விலகி எடுக்கப்பட்ட படங்களைப் பற்றி. இப்போது 'மாற்று சினிமா' என்கிறோமே, அதற்கும் நம் ஊருக்கும் பலரும் கவனிக்காத ஒரு பழைய தொடர்பு உண்டு.

அதற்கு முன், அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் எப்படிப் படம் பார்த்தார்கள் என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். தென்னிந்தியாவில் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தவர். 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு கிளம்பினார். அந்த வழியில் வந்தவைதான் பின்னாளில் நம் கிராமங்களில் நின்ற டூரிங் டாக்கீஸ்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், சினிமா கொட்டாய்.

கொட்டாயில் பகல் ஆட்டம் கிடையாது, வெளிச்சம் உள்ளே வந்துவிடும். பொழுது சாய்ந்து ஒலிபெருக்கியில் பாட்டு போட்டால்தான் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். தரை, பெஞ்சு, சேர் என்று வகுப்புகள். தரை டிக்கெட்காரர் மணலைக் குவித்து உயரமாக உட்காருவார், பின்னால் இருப்பவர் சத்தம் போடுவார். புரொஜெக்டர் ஒன்றுதான் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கும் கடலையும் வலம் வரும். கூடவே பாட்டுப் புத்தகமும் விற்பனைக்கு வரும். கதைச் சுருக்கமும் எல்லாப் பாட்டுகளும் அச்சிட்ட சின்னப் புத்தகம்.

வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றையும் சேர்த்து 'என்.எஸ்.சி. ஏரியா' என்பது சினிமா வியாபாரத்தின் கணக்கு. விழுப்புரமும் திண்டிவனமும் அதில் அடக்கம். பெரிய நகரங்களில் ஓடி முடிந்த பிறகே சின்ன ஊர்களுக்குப் படப்பெட்டி வரும். அந்தப் பெட்டியில் எந்தப் படம் வர வேண்டும் என்பதை முடிவு செய்தது வசூல் ஒன்றுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தது. பம்பாயில் தொடங்கி, சென்னை உள்ளிட்ட மற்ற பெருநகரங்களுக்கும் அந்தப் படங்கள் வந்தன. இத்தாலியின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', ஜப்பானின் 'ராஷோமோன்' போன்ற படங்கள் நம் கலைஞர்களின் கண்ணைத் திறந்த காலம் அது. ஒரே சம்பவத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வதுதான் 'ராஷோமோன்' படத்தின் அமைப்பு. வீணை வித்வானும் இயக்குநருமான எஸ். பாலசந்தர் அந்த அமைப்பில் மனம் பறிகொடுத்தார். ஏ.வி.எம். நிறுவனத்துக்காக அவர் இயக்கி 1954இல் வெளிவந்த படம்தான் 'அந்த நாள்'.

1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட நாள்தான் பின்னணி. மறுநாள் காலை ஒரு ரேடியோ எஞ்சினியர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராகச் சந்தேகம் சுற்றி வருகிறது. முடிவை நான் சொல்லப் போவதில்லை. படம் தொடங்கியதும் செத்து விழும் அந்த எஞ்சினியராக நடித்தவர் நம் ஊர்க்காரர் சிவாஜி. 'பராசக்தி' வந்து இரண்டே வருடம் ஆகியிருந்த நேரத்தில், நல்லவன் என்று சொல்ல முடியாத ஒரு வேடத்தைத் துணிந்து ஏற்றார். படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. நடனமும் இல்லை, சண்டையும் இல்லை. பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் இது.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? பாட்டுக்காகக் காத்திருந்து ஏமாந்தார்கள். பாட்டு இல்லாத படத்துக்குப் பாட்டுப் புத்தகம்தான் ஏது? வசூலில் படம் தோற்றது. தேசிய விருதில் தகுதிச் சான்று கிடைத்தது. தமிழின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்று இன்று எல்லோரும் பாராட்டுகிறோம். ஆனால் பாராட்ட வேண்டிய நேரத்தில் கொட்டகை காலியாக இருந்தது.

இரண்டாமவர் ஜெயகாந்தன். கடலூர்க்காரர். ஆனால் சிறு வயதிலேயே வீட்டை விட்டு வந்து விழுப்புரத்தில் தன் மாமா வீட்டில் வளர்ந்தார். பாரதியும் பொதுவுடைமைக் கொள்கையும் அவருக்கு அறிமுகமானது அந்த மாமா மூலமாகத்தான். பின்னாளில் சென்னைக் குடிசைப்பகுதி மனிதர்களை அவர் எழுதிய எழுத்துக்கு விதை நம் ஊர்த் தெருக்களிலும் விழுந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தன் 'உன்னைப்போல் ஒருவன்' நாவலை அவரே படமாக இயக்கினார். குடிசையில் வாழும் ஒரு தாயும் மகனும்தான் கதை. பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. தாயாக நடித்தவர் காந்திமதி. இசை, வீணைக் கலைஞர் சிட்டிபாபு. 1964ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சத்யஜித் ராயின் 'சாருலதா' முதல் இடம் பெற்றது. அதே பட்டியலில் அகில இந்திய அளவில் மூன்றாவது சிறந்த படமாக 'உன்னைப்போல் ஒருவன்' வந்தது. இவ்வளவு பெருமை கிடைத்தும் திரையரங்குகளில் அது பரவலாக ஓடவில்லை. 'ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்' என்ற நூலில் சினிமா உலகத்தோடு தமக்கு ஏற்பட்ட அனுபவங்களை ஜெயகாந்தன் எழுதியிருக்கிறார். கிடைத்தால் படியுங்கள்.

இந்த இரண்டு கதையிலும் படம் எடுத்தவர்களிடம் குறையில்லை. பார்ப்பவர்கள் ஒன்றுகூடவில்லை என்பதுதான் குறை. இதைப் புரிந்துகொண்டவர்கள் வேறு வழி தேடினார்கள். ராய் தன் நண்பர்களோடு 1947இல் கல்கத்தாவில் ஃபிலிம் சொசைட்டி ஆரம்பித்தார். 1959இல் இந்திய அளவில் அவற்றுக்கு ஒரு கூட்டமைப்பு உருவானது. கேரளத்தின் ஜான் ஆபிரகாம் 1984இல் 'ஒடேசா' என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராக மக்களிடம் காசு திரட்டி 'அம்ம அறியான்' படத்தை எடுத்தார். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவரும் அவரே. நம் வீடுகளுக்கு இத்தகைய படங்கள் வந்தது தூர்தர்ஷன் வழியாக. ஞாயிறு மதியம் போட்ட பிறமொழி விருதுப் படங்களை, டி.வி. இருந்த வீட்டில் தெருவே கூடி உட்கார்ந்து பார்த்த காலத்தை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மொழி புரியாவிட்டாலும் எழுந்து போகாமல் பார்த்தோமே!

இன்று நிலைமை வேறு. தமிழ்நாட்டில் பழைய தியேட்டர்கள் பல கல்யாண மண்டபங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறிவிட்டன. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவின் உயரிய 'டைகர்' விருதை வென்றது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. அதையும் நாம் இணையத்தில்தான் பார்க்க முடிந்தது. கைபேசியில் பார்க்கும்போது ஒரு படம் மெதுவாகப் போனால் பத்தாவது நிமிடம் நிறுத்திவிடுகிறோம். பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அப்படிச் செய்ய மாட்டோம். பொறுமை கேட்கும் படங்களுக்குக் கூட்டம் தேவைப்படுவது இதனால்தான்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நம் பொதுக்கூடத்தில் ஒரு படம் போடலாம். முதல் படம் 'அந்த நாள்'. நம் நாட்டுச் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 'அந்த நாள்' 2014 முடிவோடு அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டது. மற்ற அனுமதிகளைச் செயற்குழு விசாரித்துச் சொன்னால் போதும். முறுக்கும் கடலையும் நம் வீடுகளிலிருந்தே வந்துவிடும்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எழுபது வயது தாண்டியவர்கள் இருந்தால், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கொட்டாய்களின் பெயர், இருந்த இடம், தரை டிக்கெட்டின் விலை, முதலில் பார்த்த படம் எல்லாவற்றையும் கேட்டு எழுதி அனுப்புங்கள். பழைய பாட்டுப் புத்தகமோ டிக்கெட் துண்டோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் ஒரு பக்கம் அதற்காகவே ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது கேட்டு எழுதி வைக்காவிட்டால், அந்தக் கொட்டாய்கள் எங்கே இருந்தன என்று சொல்லவும் பிறகு ஆள் இருக்காது.