கத்தியின் வழியும் குருதியின் இயல்பும்: புற்றுநோய் அறுவைக்குப் பிந்தைய இரத்த உறைவு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

புற்றுநோய்க் கட்டி முழுமையாக அகற்றப்பட்டு வீடு திரும்பிய நோயாளி, சில வாரங்களில் திடீரென மூச்சுத்திணறி இறப்பதுண்டு. காலின் ஆழ்சிரையில் தோன்றிய இரத்த உறைவு பெயர்ந்து சென்று நுரையீரல் தமனியை அடைப்பது இத்தகைய இறப்புகளுக்கு ஒரு முதன்மைக் காரணமாகும். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையிலும், லேப்ராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை அறுவையிலும் இந்த இடர் ஒரே தன்மையதா? கீறல் சிறுத்தது இடரைக் குறைக்கக்கூடுமே அன்றி நீக்கிவிடவில்லை என்பதையும், அதற்கான விளக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிடைத்திருந்தது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அறுவையின்றித் தோன்றும் உறைவு

நுரையீரல் தமனியில் காணப்படும் உறைவு உடலின் பிற சிரைகளில் தோன்றிக் குருதியோட்டத்தால் அங்குக் கொண்டுவரப்படுவது என்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1840களில் மெய்ப்பித்தார். குருதித் தேக்கம், குழாய்ச்சுவரின் சிதைவு, குருதியின் உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்று காரணிகளும் பின்னர் அவர் பெயரால் ‘விர்ச்சோ மும்மை’ என வழங்கலாயின. பாரிஸ் மருத்துவர் அர்மான் த்ரூசோ, புற்றுநோயாளரிடம் சிரை உறைவு மிகுந்து காணப்படுவதை 1865இல் விளக்கினார். மறைந்திருக்கும் புற்றுநோய்க்கு அது அடையாளமாகலாம் என்றார். 1867இல் அவ்வடையாளம் அவர் உடலிலேயே தோன்றியது. அவ்வாண்டே இரைப்பைப் புற்றுநோயால் அவர் இறந்தார். த்ரூசோ சுட்டிய உறைவு கத்தியின் விளைவன்று, நோயின் விளைவு என்பது இங்குக் கருதத்தக்கது.

தடுப்பு முறையின் தோற்றம்

1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வுகளிலிருந்து ஹெப்பாரின் உருவாயிற்று. எனினும் அறுவைக்குப் பிந்தைய தடுப்பு மருந்தாக அதன் பயனை உறுதிசெய்தது, லண்டனில் பணியாற்றிய விஜய் கக்கர் தலைமையில் 1975இல் வெளியான பன்னாட்டு ஆய்வாகும். பேரறுவைக்கு உட்பட்ட 4,121 பேரை உள்ளடக்கிய அவ்வாய்வில், நுரையீரல் தமனி அடைப்பால் இறந்தோர் ஹெப்பாரின் பெறாதவருள் 16 பேர், பெற்றவருள் இருவரே.

நுண்துளை முறையின் வருகை

பெருங்குடல் நோய்களுக்கான நுண்துளை அறுவை 1991 முதல் மருத்துவ இதழ்களில் இடம்பெறலாயிற்று. இம்முறை விர்ச்சோவின் மும்மையை இரு திசைகளில் பாதிக்கிறது. திசுச்சிதைவு குறைவு, வலி குறைவதால் நோயாளி விரைவில் எழுந்து நடக்கிறார். ஆயினும், வயிற்றறையை விரிக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் பெருஞ்சிரையை நெருக்கி, கால்களிலிருந்து மீளும் குருதியைத் தேங்கச்செய்கிறது. அறுவை நீளுந்தோறும் இத்தேக்கமும் நீள்கிறது. மூன்றாம் காரணியாகிய குருதியின் உறையும் தன்மையைப் பொறுத்தவரை, புற்றுநோயால் விளையும் பங்கினைக் கீறலின் அளவு மாற்றுவதில்லை.

காலம் என்னும் கூறு

திறந்தநிலைப் புற்றுநோய் அறுவைக்கு உட்பட்டோரிடம் எனாக்ஸபாரின் ஊசியை ஏறத்தாழ ஒரு வாரம் அளிப்பதையும் நான்கு வாரம் அளிப்பதையும் ஒப்பிட்ட ஆய்வு 2002இல் வெளியாயிற்று. சிரை உறைவு முன்னவரில் 12.0 விழுக்காடு, பின்னவரில் 4.8 விழுக்காடு. இம்முடிவு நுண்துளை முறைக்கும் பொருந்துமா என்னும் ஐயம் நீடித்தது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு நுண்துளை அறுவை பெற்ற 225 பேரிடம் இத்தாலியில் நிகழ்ந்து 2014இல் வெளியான ஆய்வு இதற்கு விடையளித்தது. ஒரு வாரத் தடுப்பு பெற்ற 113 பேரில் 11 பேருக்கு உறைவு தோன்றியது. நான்கு வாரம் பெற்ற 112 பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உறைவைக் கண்டறிந்த முறைகள் வேறுபட்டமையால் இவ்விரு ஆய்வுகளின் விழுக்காடுகளை நேராக ஒப்பிட்டு, எம்முறை பாதுகாப்பானது எனத் தீர்ப்பளித்தல் பொருந்தாது. ஆனால் இரண்டும் ஒன்றையே உணர்த்துகின்றன: ஒரு வாரத்துடன் இடர் முடிவதில்லை.

முடிவுரை

நுண்துளை அறுவையின் சிறப்பாகப் போற்றப்படுவது நோயாளி விரைவில் வீடு திரும்புவதாகும். மருத்துவமனையை விட்டு நீங்குவதோடு தடுப்பு மருந்தும் நிறுத்தப்படுமாயின், அச்சிறப்பே இடராகிவிடும். கத்தி செல்லும் வழி தேக்கத்தையும் சிதைவையும் மாற்றவல்லது. த்ரூசோ கண்ட குருதியின் இயல்பை அது மாற்றுவதில்லை. ஆகவே, தடுப்புக் காலத்தைக் கீறலின் நீளத்தைக் கொண்டு மட்டும் அளவிடாமல், நோயின் தன்மையையும் குருதிக்கசிவு இடரையும் கொண்டு அளவிட வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் முடிவாகும்.