பந்தயத் தட ஓட்டத்துக்கான பிரேக் பேடுகள்

பந்தயத் தட ஓட்டத்துக்கான பிரேக் பேடுகள் என்பவை, சாலையில் ஓடும் கார்களைப் பந்தயத் தடத்தில் தொடர்ந்து மிகு வேகத்தில் ஓட்டும்போது ஏற்படும் வெப்பத்தைத் தாங்கும்படி உருவாக்கப்பட்ட உராய்வுப் பட்டைகள் ஆகும். சொந்த வாகனம் வைத்திருப்போர் கட்டணம் செலுத்தி, மூடப்பட்ட தடமொன்றில் தம் வாகனத்தை ஓட்டுவதற்கென ஒதுக்கப்படும் நாள் 'டிராக் டே' அல்லது தட நாள் எனப்படுகிறது. இது பந்தயம் அன்று. முந்தி வருபவருக்குப் பரிசு கிடையாது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், பிராண்ட்ஸ் ஹாட்ச் போன்ற தடங்களில் இத்தகைய நாட்கள் வழமையாக நடத்தப்படுகின்றன. தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரின் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இவை நடைபெறுகின்றன.

சாலைக் காரொன்றைத் தடத்தில் ஓட்டும்போது பெரும்பாலும் முதலில் தளர்வது அதன் பிரேக்கே. தடத்துக்கான பேடு, காரை முதல் முறை குறைந்த தூரத்தில் நிறுத்துவதற்காகத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. பத்தாவது முறையும் முதல் முறையைப் போலவே நிறுத்துவதற்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

வரலாறு

பிரேக்குக்கெனத் தனி உராய்வுப் பொருளை உருவாக்கியவர்களில் முன்னோடி இங்கிலாந்தைச் சேர்ந்த எர்பர்ட் ஃபுரூட் ஆவார். இவர் 1897 இல் தொடங்கிய தொழிலே, அவருடைய பெயரின் எழுத்துக்களை மாற்றி அமைத்து உருவாக்கப்பட்ட ஃபெரோடோ என்னும் வணிகப் பெயரில் பின்னர் அறியப்பட்டது. டிஸ்க் பிரேக்குக்கு ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் 1902 இல் காப்புரிமை பெற்றார். எனினும் அதன் மேன்மை பரவலாக உணரப்பட்டது 1953 இல் ஆகும். அவ்வாண்டு பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் வெற்றி பெற்றது. டிரம் பிரேக்கை விட டிஸ்க் பிரேக் வெப்பத்தை எளிதாகக் காற்றில் வெளியேற்றியது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

நெடுங்காலம் பேடுகளில் கல்நார் பயன்படுத்தப்பட்டது. அதன் நுண்ணிழைகள் நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்குவதால் பல நாடுகள் அதை விலக்கின. ஐக்கிய இராச்சியம் 1999 இல் வெள்ளைக் கல்நாரையும் தடை செய்தது.

வெப்பத்தின் அளவு

பிரேக் என்பது இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவி. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. எனவே வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

1,200 கிலோகிராம் நிறையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நகரச் சாலையில் மணிக்கு 60 கிமீ வேகத்திலிருந்து முற்றாக நிறுத்தும்போது வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ 167 கிலோஜூல். அதே கார் தடத்தின் நேர்ப்பகுதி முடிவில் 160 கிமீ வேகத்திலிருந்து 80 கிமீ வேகத்துக்குக் குறைக்கப்படும்போது வெளியாவது ஏறத்தாழ 889 கிலோஜூல். கார் நிற்கவே இல்லை. ஆயினும் வெப்பம் ஐந்து மடங்குக்கும் அதிகம். நல்ல டயர்களுடன் இவ்வேகக் குறைப்பு சுமார் 2.5 நொடிகளில் நிகழ்கிறது. அதாவது பிரேக்கின் சராசரித் திறன் 350 கிலோவாட் அளவுக்கு உயர்கிறது. இத்தகைய காரின் எஞ்சின் 75 கிலோவாட் திறனுடையதாக இருந்தால், பிரேக் அதைப் போல் நான்கரை மடங்குக்கும் மேற்பட்ட வேலையைச் செய்கிறது.

பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குகளே பெரும் பங்கை ஏற்கின்றன. அப்பங்கு 70 விழுக்காடு எனக் கொண்டால், ஒவ்வொரு முன் டிஸ்க்கிலும் சுமார் 311 கிலோஜூல் வெப்பம் சேரும். 7 கிலோகிராம் வார்ப்பிரும்பு டிஸ்க் ஒன்றின் வெப்பநிலை இதனால் ஒரே பிடிப்பில் ஏறத்தாழ 95 பாகை செல்சியஸ் உயரும். காற்றுத்தடையின் பங்கும், அந்நொடிகளில் காற்றில் வெளியேறும் வெப்பமும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. சாலையில் அடுத்த கடும் பிடிப்புக்கு முன் டிஸ்க் ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது. தடத்தில் அடுத்த வளைவு சில நொடிகளிலேயே வந்துவிடும். ஆகவே வெப்பம் படிப்படியாகச் சேர்ந்து டிஸ்க் 500 பாகையைக் கடப்பது தடத்தில் இயல்பு.

பிரேக் தளர்வு

வெப்பத்தால் பிரேக்கின் ஆற்றல் குறைவது பிரேக் தளர்வு ஆகும். இது இரு இடங்களில் நிகழலாம்.

முதலாவது பேடில் நிகழ்வது. பேடின் துகள்களை ஒன்றாகப் பிணைப்பது ஒரு வகைப் பிசின். தாங்கும் எல்லையைக் கடந்தால் அது சிதைந்து வாயுவை வெளியிடும். உராய்வுக் குணகம் சரியும். அப்போது மிதி கெட்டியாகவே இருக்கும், ஆனால் கார் நிற்காது.

இரண்டாவது பிரேக் திரவத்தில் நிகழ்வது. வெப்பம் பேடின் வழியாகக் காலிப்பரை அடைந்து திரவத்தைக் கொதிக்கச் செய்யும். திரவம் அமுங்காது, ஆனால் ஆவிக்குமிழ் அமுங்கும். எனவே மிதி மெத்தென்று ஆகித் தரை வரை செல்லும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது. இரண்டாவது வகைத் தளர்வுக்கு விலையுயர்ந்த பேடு வாங்குவது மட்டும் தீர்வாகாது. டாட் 3 வகைத் திரவத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை, டாட் 4 வகைக்கு 230, டாட் 5.1 வகைக்கு 260. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. ஈரம் ஏறிய நிலையில் இவ்வெல்லைகள் முறையே 140, 155, 180 பாகையாகக் குறைகின்றன. ஆகவே தட நாளுக்கு முன் புதிய திரவம் மாற்றுவது பேடு மாற்றுவதற்கு இணையாகக் கருதப்படுகிறது.

தளர்வின் விளைவைத் தூரத்தில் காணலாம். மேற்கூறிய 160 கிமீ வேகத்திலிருந்து 80 கிமீ வேகத்துக்குக் குறைய 84 மீட்டர் போதும் எனில், பிரேக் விசை பாதியானால் 168 மீட்டர் தேவைப்படும். வளைவுக்கு 100 மீட்டர் முன் பிரேக் பிடிக்கப் பழகிய ஓட்டுநருக்கு அந்த மிகுதித் தூரம் தடத்தில் இல்லை.

பேடு வகைகள்

- கரிம வகை: இழைகள், இரப்பர், பிசின் முதலியவற்றால் ஆனது. ஓசையின்றிக் குளிர்நிலையிலும் நன்கு பிடிக்கும். வெப்பத்தில் விரைவில் தளரும். தடத்துக்கு ஏற்றதன்று.
- பீங்கான் வகை: பீங்கான் இழைகளும் செம்பு போன்ற உலோகங்களும் கலந்தது. தூசும் ஓசையும் குறைவு. பெயரைக் கொண்டு இதைப் பந்தய வகை எனக் கருதுவது தவறு. சந்தையில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை சாலை வசதிக்காகவே ஆக்கப்பட்டவை.
- அரை உலோக வகை: எஃகு இழை, இரும்புத்தூள் முதலியன கணிசமாகக் கலந்தது. வெப்பத்தை நன்கு தாங்கும். தடத்துக்கான பேடுகள் பலவும் இவ்வகையினவே.
- வெப்பப் பிணைப்பு உலோக வகை: உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கிப் பிணைப்பது. மோட்டார் சைக்கிள்களில் மிகுதியாகப் பயன்படுகிறது.

தேர்வு செய்யும் முறை

வெப்பநிலை வரம்பு: தேர்வின் முதல் அளவுகோல் இதுவே. சாலைப் பேடுகள் குளிர்நிலை முதல் ஏறத்தாழ 350 - 400 பாகை வரை சீராகச் செயற்படும். தடத்துக்கான பேடுகள் 600 பாகைக்கு மேலும் தாங்கும். உண்மையான வெப்பநிலையை அறிய டிஸ்க்கின் விளிம்பில் வெப்பமறி வண்ணம் பூசப்படுகிறது. குறித்த வெப்பநிலையைக் கடந்ததும் அதன் நிறம் மாறும். அவ்வளவை உள்ளடக்கிய வரம்புடைய பேடையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

உராய்வு அளவு: பேடு காரை நேரடியாக நிறுத்துவதில்லை, டயரே நிறுத்துகிறது. இருக்கும் பேடிலேயே ஏபிஎஸ் இயங்கும் அளவுக்குப் பிடிக்க முடியுமானால், மேலும் கடிய பேடு தூரத்தைக் குறைக்காது. மாறாக, விசையை அளவாகச் செலுத்துவதைக் கடினமாக்கலாம்.

முன் பின் சமநிலை: பின் பேடுகள் முன் பேடுகளை விட மிகுதியாகப் பிடித்தால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடும். எனவே இரு அச்சுகளுக்கும் ஒரே வகை அல்லது முன்பக்கம் சற்றுக் கூடிய பிடிப்புடைய வகை பொருத்தப்படுகிறது.

வீடு திரும்பும் பயணம்: முழுப் பந்தயப் பேடுகள் சூடேறிய பின்னரே முழுமையாகப் பிடிக்கும். மழைநாளில் நெடுஞ்சாலையில் பல நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டிய பின் திடீரென நிறுத்த நேர்ந்தால், தடத்தில் காத்த அதே பேடு அங்கே கைவிடலாம். குளிர்நிலையில் அது டிஸ்க்கையும் மிகுதியாகத் தேய்க்கும். ஆகவே சிலர் தடத்தை அடைந்த பின் பேடு மாற்றி, மாலையில் மீண்டும் சாலைப் பேடுக்கு மாறுகின்றனர். அது இயலாதோர் இரண்டுக்கும் இடைப்பட்ட வகையைத் தேர்ந்து, வேகத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்வது பொருத்தமானது.

தரக்குறிகளும் சட்டமும்

அமெரிக்கப் பேடுகளின் ஓரத்தில் ஈரெழுத்துக் குறி அச்சிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து இயல்பு வெப்பநிலை உராய்வையும், இரண்டாவது எழுத்து உயர் வெப்பநிலை உராய்வையும் குறிக்கும். 'எஃப்' என்பது 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்பது 0.45 முதல் 0.55 வரை. ஆனால் இச்சோதனை சுமார் 343 பாகையுடன் முடிந்துவிடுகிறது. தடத்தில் உண்மையான சிக்கல் அதற்கு மேல்தான் தொடங்குகிறது. எனவே இக்குறியை மட்டும் நம்பித் தேர்வு செய்ய இயலாது.

ஐரோப்பாவில் சாலைக்கான மாற்றுப் பேடுகள் ஐக்கிய நாடுகளின் 90 ஆம் ஒழுங்குவிதிக்கு உட்பட வேண்டும். அவற்றின் செயல்திறன் மூலப் பேடிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. ஜெர்மனியின் 20.8 கிமீ நீளமுள்ள நூர்பர்க்ரிங் வடக்குத் தடம் பொதுமக்களுக்குத் திறக்கப்படும் வேளைகளில் சாலை விதிகளே அங்கும் பொருந்தும். ஆகவே அங்கு ஓட்டுபவருக்குத் தடத்தின் வெப்பத்தைத் தாங்குவதும் சாலைக்கு ஒப்புதல் பெற்றதுமான பேடு தேவைப்படுகிறது.

பழக்குதலும் பராமரிப்பும்

புதிய பேடைப் பொருத்தியவுடன் முழு வேகத்தில் ஓட்டலாகாது. மிதமான வேகத்திலிருந்து, முற்றாக நிறுத்தாமல், பலமுறை பிரேக் பிடித்துப் படிப்படியாகச் சூடேற்றிப் பின் ஆறவிட வேண்டும். இதனால் பேடுப் பொருளின் மெல்லிய படலம் டிஸ்க்கின் மீது சீராகப் படிகிறது. புதிய பிசினில் எஞ்சிய வாயுக்களும் வெளியேறுகின்றன. படலம் சீரற்றுப் படிந்தால் பிரேக் பிடிக்கும்போது அதிர்வு தோன்றும். டிஸ்க் வளைந்துவிட்டதாகக் கருதப்படும் நேர்வுகள் பலவற்றில் உண்மைக் காரணம் இதுவே.

ஒவ்வொரு ஓட்டத்தின் இறுதிச் சுற்றையும் பிரேக் பிடிப்பதை இயன்றவரை தவிர்த்து மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிடுவது வழக்கம். நிறுத்தியபின் மிதியை அழுத்தி வைத்திருப்பதும் கைப் பிரேக் போடுவதும் தவிர்க்கப்படுகின்றன. கியரில் விட்டும் சக்கரத்துக்குக் கட்டை வைத்தும் கார் நிறுத்தப்படுகிறது. பாதிக்கு மேல் தேய்ந்த பேடுடன் தடத்தில் இறங்குவது தவிர்க்கப்பட வேண்டும். மெலிந்த பேடு வெப்பத்தைத் தடுக்காமல் திரவத்துக்கு விரைவாகக் கடத்தும். மிதியின் உணர்வில் சிறு மாற்றம் தெரிந்தாலும் அச்சுற்றிலேயே வேகத்தைக் குறைத்து வெளியேறுவது பாதுகாப்பான நடைமுறையாகும்.