அறுபதுக்குப் பின் இறங்குவது எது? முதுமையும் இடப்பெயர்வும் தன்னம்பிக்கையும்: நோத்ர-டாம்-த-கிரேஸை முன்வைத்து

மொன்றியல் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், ஷெர்புரூக் மேற்குத் தெருவில் லொயோலா வளாகம் இருக்கிறது. இயேசு சபையினர் 1896இல் தொடங்கிய கல்லூரி 1916இல் இவ்விடத்துக்கு வந்தது. 1974இல் சர் ஜோர்ஜ் வில்லியம்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்து கொன்கோர்டியா பல்கலைக்கழகம் ஆயிற்று. அதன் உளவியல் துறை இந்த வளாகத்தில்தான் இயங்குகிறது. முதியவர்களின் தன்மதிப்பு குறித்து உலக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் ஆய்வுகள் சில இங்கே உருவானவை. வளாகத்தின் முன்னால் 105ஆம் இலக்கப் பேருந்து ஓடுகிறது. அதில் மகளின் கையையோ பேரனின் கையையோ பிடித்துக்கொண்டு ஏறும் தமிழ் முதியவர்களை நான் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறேன். உள்ளே அளக்கப்படும் பொருளும் வெளியே பேருந்தில் ஏறத் தயங்கும் காலும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை. ஆனால் இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும் எழுத்து தமிழில் அரிது.

வயதோடு தன்னம்பிக்கை எப்படி மாறுகிறது என்ற கேள்விக்கு உளவியல் இன்று தரும் விடை ஒரு வளைகோடு. மொரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட பத்து வாக்கிய அளவுகோலே பெரும்பாலான ஆய்வுகளுக்கு அடிப்படை. உல்ரிச் ஓர்த்தும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவில் 25 முதல் 104 வயது வரையான 3,617 பேரிடம் 16 ஆண்டுகளில் நான்கு முறை திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். இளமையிலிருந்து தன்மதிப்பு மெல்ல ஏறுகிறது, 60 வயதளவில் உச்சம் தொடுகிறது, பின்னர் இறங்குகிறது என்றார்கள். 2018இல் 331 மாதிரிகளிலிருந்து 1,64,868 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் உச்சம் 60இல்தான் வந்தது. ஆனால் 70 வரை அது அப்படியே நிற்கிறது, 90 வரை சிறிதளவே குறைகிறது, அதற்கப்பால்தான் சரிவு கூடுகிறது என்று படம் சற்று மென்மையானது. பதின்பருவத்தில் தன்மதிப்பு குலைந்துபோகிறது என்ற பொதுநம்பிக்கையையும் அத்தொகுப்பு ஆதரிக்கவில்லை. 11 முதல் 15 வரை அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

இந்த வளைகோட்டைத் தமிழ் மேடைகளில் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அறுபது கடந்தால் நம்பிக்கை குறையும், அது இயற்கை என்ற ஆறுதலாகவே அது வந்து சேர்கிறது. 2010ஆம் ஆண்டுக் கட்டுரையே அப்படிச் சொல்லவில்லை. முதுமைச் சரிவின் பெரும்பகுதியை உடல்நலத்திலும் சமூக பொருளாதார நிலையிலும் ஏற்படும் மாற்றங்களால் விளக்கலாம் என்பது அதன் கண்டுபிடிப்பு. ஜப்பானில் ஒகிஹாராவும் குசுமியும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பதுகளுக்குப் பிறகு எதிர்பார்க்கப்பட்ட சரிவு தென்படவே இல்லை. பிறந்தநாள்கள் எல்லா நாட்டிலும் ஒரே வேகத்தில்தான் வருகின்றன. ஆகவே இறங்குவதற்கான காரணத்தை வயதுக்கு வெளியே தேட வேண்டும். புலம்பெயர்ந்த தமிழ் முதியவர் விடயத்தில் அந்தக் காரணம், அவரிடம் எவரும் எதையும் செய்யும்படி கேட்காத வாழ்வு அமைந்துவிடுவது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. ரோசன்பெர்க் அளப்பது தன்மதிப்பு: ‘நான் மதிப்புடையவன்’ என்ற உணர்வு. அல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கியது செயல்நம்பிக்கை: ‘இந்தக் குறிப்பிட்ட காரியத்தை என்னால் செய்ய முடியும்’ என்ற கணிப்பு. தமிழில் இரண்டையும் தன்னம்பிக்கை என்ற ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம். யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டு கணிதம் கற்பித்து, சைக்கிளில் போய்வந்து, ஊர்க் கோயில் கணக்கையும் எழுதிய ஓர் ஆசிரியை 66 வயதில் மகனிடம் இங்கே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தன்மதிப்பு ஒரே விமானப் பயணத்தில் கரைந்துவிடாது. ஆனால் மருந்துக்கடையில் மருந்துச்சீட்டைக் கொடுத்து ஐயம் கேட்பது, வீட்டுக்கு வரும் அரசுக் கடிதம் எதைப் பற்றியது என்று அறிவது, தெரு மாறிப்போனால் வழி கேட்பது ஆகிய ஒவ்வொன்றிலும் அவருடைய செயல்நம்பிக்கை ஏறக்குறையத் தொடக்கப் புள்ளிக்கு வந்துவிடுகிறது. தன்மதிப்பு அதன் பின்னர்தான், மாதங்கள் ஆண்டுகளாகும்போது, மெல்லத் தேய்கிறது. வளைகோடு காட்டுவது இந்தப் பின்விளைவை மட்டுமே.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் இதற்கு நல்ல கருவி ஒன்றைத் தருகிறது. அது அரசனுக்குச் சொன்னதுதான். ஆயினும் ஒருவன் செயலில் இறங்குமுன் எடைபோட வேண்டிய வலிமைகளுள் தன்னுடையதோடு செயலின் வலிமையையும் துணையின் வலிமையையும் அது சேர்த்து வைக்கிறது. மேலை அளவுகோல் தன்வலியை மட்டும் கேட்கிறது. இடம் பெயர்ந்த முதியவரிடம் முதலில் மாறுவது வினைவலி. பழைய வேலை புதிய மொழியில் கடினமாகிவிடுகிறது. அதோடு துணைவலியும் மாறுகிறது. தன்வலி அதே அளவில் இருந்தாலும் கணக்கின் முடிவு வேறாகிவிடும்.

மொழியிலிருந்து தொடங்கலாம். கியூபெக்கில் 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டத்துக்குப் பின், குடிவந்தோரின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். 2022இன் 96ஆம் சட்டம், மருத்துவம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, வந்து ஆறு மாதம் கடந்தவர்களோடு அரசு பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ளும் என்றது. நோத்ர-டாம்-த-கிரேஸ் ஆங்கிலம் பரவலாகப் புழங்கும் பகுதி. மொங்க்லண்ட் கடைத்தெருவில் தெரிந்த ஆங்கிலத்தோடு காரியம் நடந்துவிடும். அதனால்தான் அடி இன்னும் எதிர்பாராத விதமாக விழுகிறது. கடையில் தலைநிமிர்ந்து பேசிய அதே அம்மா, கையில் வந்த கடிதத்தின் முன் வாயடைத்து நிற்கிறார். பத்து வயதுப் பேத்தி அதை வாசித்துச் சொல்கிறாள். அறிவு மேலிருந்து கீழே இறங்கும் என்று வாழ்ந்த குடும்பத்தில் ஓட்டம் திசைமாறுகிறது. பேத்தி அன்போடுதான் சொல்கிறாள். ஆனால் எது முக்கியம், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அவள் கைக்குப் போய்விடுகிறது.

அடுத்தது பணம். கனடாவின் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியம் பெற 65 வயதும், 18 வயதுக்குப் பின் பொதுவாகக் குறைந்தது 10 ஆண்டு இந்நாட்டு வாழ்வும் வேண்டும். 66இல் வந்தவர் அதற்குப் பெரும்பாலும் 76 வரை காத்திருக்க வேண்டும். பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்காக 2011 டிசம்பரில் தொடங்கிய சூப்பர் விசாவில் வருபவர் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாத வருகையாளர். மருத்துவக் காப்பீட்டையும் குடும்பமே வாங்க வேண்டும். வளைகோட்டு ஆய்வு சுட்டிய சமூக பொருளாதாரக் காரணம், இங்கே விமானநிலைய வாசலிலேயே வந்து நிற்கிறது. கோயில் உண்டியலில் போடும் ஐந்து டொலரையும் மகனிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலையை, ஊரில் தன் ஓய்வூதியத்திலிருந்து பேரப்பிள்ளைக்கு உடுப்பு வாங்கிக் கொடுத்தவர் எப்படித் தாங்குவார்? இதைக் குறையாகச் சொல்லும் முதியவர் குறைவு. ‘பிள்ளைகள் நல்லாப் பாக்கினம்’ என்று முடித்துவிடுவார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பதிலுக்குள் சொல்லாத பாதி இருக்கிறது.

பனிக்காலம் மூன்றாவது. இதை நம்மவர் வெறும் குளிர்ப் பிரச்சினையாகப் பேசுகிறார்கள். மேரி டினெட்டியும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் பண்டூராவின் கருத்தை வைத்தே ஓர் அளவுகோல் செய்தார்கள். வீட்டுக்குள் நடப்பது, குளிப்பது, நாற்காலியில் இருந்து எழுவது போன்ற பத்து அன்றாடச் செயல்களை விழாமல் செய்ய முடியும் என்று முதியவர் எவ்வளவு நம்புகிறார் என்பதை அது கேட்கிறது. விழுந்தவர் மட்டும் அல்லாமல், விழுவேன் என்று அஞ்சுபவரும் நடையைக் குறைக்கிறார். நடை குறையத் தசை தளர்கிறது. தசை தளர விழும் வாய்ப்பு உண்மையாகவே கூடுகிறது. மொன்றியலில் உறைமழை பெய்த மறுநாள் நடைபாதை கண்ணாடியாகிவிடும். வெறுங்காலோடும் செருப்போடும் மண்ணில் நடந்து பழகிய பாதம் அந்தக் கண்ணாடிக்குக் கற்றுத்தரப்படாதது. நவம்பரில் வீட்டுக்குள் போனவர் ஏப்பிரலில் வெளியே வரும்போது ஐந்து மாதம் மூத்தவராக வருவதில்லை, பல ஆண்டு மூத்தவராக வருகிறார். மொன்றியல் தீவில் வசிக்கும் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2023 ஜூலை முதல் நகரப் போக்குவரத்து இலவசம். அது நல்ல செயல். ஆயினும் பயணச்சீட்டின் விலை தடுத்த பயணங்களைவிட, தரிப்பிடம் வரையான இருநூறு அடி பனிக்கட்டி தடுத்த பயணங்களே எங்கள் முதியவர்களிடம் அதிகம் என்பது என் எண்ணம்.

இனித் துணைவலி. இங்கேதான் வலியான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்கிரெட் பால்டெஸ் முதியோர் இல்லங்களில் செய்த அவதானிப்புகளில், முதியவர் உதவி கேட்டுச் சார்ந்து நடக்கும்போது பணியாளர் உடனே கவனிப்பதையும், தாமாகச் செய்ய முயலும்போது கவனிக்காமல் விடுவதையும் திரும்பத் திரும்பக் கண்டார். சார்பு இவ்வாறு கற்பிக்கப்படுகிறது. தமிழ் வீட்டில் பணியாளர் இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘நீங்கள் பேசாம இருங்கோ அம்மா, நாங்கள் பாக்கிறம்’ என்ற வாக்கியம் பாசத்திலிருந்து வருகிறது. வேலைக்கு ஓடும் அவசரத்திலிருந்தும் வருகிறது. மருத்துவரின் அறையில் அம்மாவின் நோவை மகள் விவரிக்கிறாள். அம்மாவின் வாய் திறக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. பண்டூரா செயல்நம்பிக்கையின் ஊற்றுகளுள் முதன்மையாகக் கொண்டது செய்து தேர்ந்த அனுபவம். அந்த அனுபவத்துக்கான வாய்ப்பை நாமே, மிகுந்த அன்போடு, ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறோம்.

மிஞ்சுவது சமையலறையும் பேரப்பிள்ளையும். இவ்விரண்டும் சிறியவை அல்ல. அப்பம் சுடும் அடுப்பின் முன் நிற்கும் அம்மம்மாவிடம் தயக்கம் எதுவும் காணமுடியாது. அதே நபர், அதே வயது, அதே நாள். காலையில் அடுப்படியில் இருந்த உறுதி மாலையில் பேருந்துத் தரிப்பிடத்தில் இல்லை. ஒரு மனிதருக்கு ஒரு வயதில் ஒரே தன்னம்பிக்கை என்ற எடுகோள் இந்த ஒரு காட்சியிலேயே உடைகிறது.

லொயோலாவில் நடந்த ஆய்வுகள் இங்கே உதவுகின்றன. சாரா லியூ, கார்ஸ்டன் ரோஷ் முதலியோர் 60 வயதுக்கு மேற்பட்ட 147 பேரிடம் நான்காண்டு காலத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை தன்மதிப்பையும், உடல் அழுத்தத்தின்போது சுரக்கும் கோர்ட்டிசோலையும் அளந்து 2014இல் வெளியிட்டனர். ஏற்கெனவே மனச்சோர்வோ மன அழுத்தமோ மிகுந்தவர்களிடம், தன்மதிப்புக் குறைவு கோர்ட்டிசோல் உயர்வோடு சேர்ந்து வந்தது. மற்றவர்களிடம் அத்தொடர்பு தெரியவில்லை. எல்லாரிடமும் தன்மதிப்பு ஒரே வேலையைச் செய்வதில்லை, நொந்தவருக்கே அது கேடயமாகிறது என்று இதைப் படிக்கலாம். போரையும் இடப்பெயர்வையும் கண்டு வந்த தலைமுறையை மனத்தில் கொண்டு படித்தால் இம்முடிவின் கனம் கூடுகிறது.

ரோஷின் மற்றொரு ஆய்வுத் தொடர், எட்டமுடியாத இலக்கைக் கைவிடும் ஆற்றல் பற்றியது. 135 முதியவர்களை ஆறாண்டு பின்தொடர்ந்து 2011இல் வெளியான கட்டுரையில், உடல் இயலாமை கூடும்போது மனச்சோர்வும் கூடியது, இலக்கைக் கைவிடத் தெரியாதவர்களிடமே. விடுவது தோல்வி என்று பழகிய நமக்கு இது எளிதில் செரிக்காது. ஆனால் அத்தொடரின் 2003ஆம் ஆண்டுக் கட்டுரையே, விடுவதோடு வேறொன்றைப் பற்றிக்கொள்வதையும் தனியான ஆற்றலாகக் காட்டியது. பிரெஞ்சில் சரளமாகப் பேசுவேன் என்ற இலக்கை 70இல் விடுவது அறிவுடைமை ஆகலாம். அதற்குப் பதில் பற்றிக்கொள்ள ஒன்று கிடைக்கிறதா என்பதே கேள்வி. பல வீடுகளில் விடுதல் மட்டும் நடக்கிறது.

ஒரு வரம்பையும் குறிக்க வேண்டும். இவ்விரு முடிவுகளுக்கும் தரவு தந்த மொன்றியல் முதியோர் ஆய்வில் சேர்ந்தவர்கள் செய்தித்தாள் விளம்பரம் பார்த்து முன்வந்தவர்கள். தமிழ் மட்டும் வாசிக்கும் அப்பப்பா அந்த விளம்பரத்தைப் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதோடு, தன்னைத் தானே மெச்சுவது தற்பெருமை என்று வளர்க்கப்பட்டவர் ரோசன்பெர்க்கின் வாக்கியங்களுக்கு அடக்கமாகவே குறியிடுவார். அந்தக் குறைந்த மதிப்பெண் தன்மதிப்பின் குறைவா, பண்பின் வெளிப்பாடா என்று தாளிலிருந்து பிரிக்க இயலாது.

இதற்கிடையில் இன்னொரு தலைமுறை அறுபதைத் தொட்டுக் கடக்கிறது. இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்தவர்கள், 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லண்ட் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேர் போன்றவர்கள். இருபதுகளில் வந்து, உணவகச் சமையற்கட்டுகளில் பிரெஞ்சு கற்று, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள். அவர்களுடைய கோடு முதலில் இறங்கிப் பின்னர் ஏறியது. 60இல் அவர்கள் நிற்கும் உயரம், 66இல் வந்திறங்கிய அவர்களுடைய தாய்மார் நின்ற இடத்தோடு ஒப்பிட முடியாதது. இருவரையும் ‘தமிழ் முதியோர்’ என்று ஒரே பெட்டியில் இட்டுச் சராசரி எடுத்தால், இருவருக்குமே பொருந்தாத எண்தான் கிடைக்கும்.

ஆகவே நமக்கு வேண்டியது தன்னம்பிக்கையைச் செயலாகக் கேட்கும் ஒரு தமிழ் வினாத்தாள். வயதைக் கேட்குமுன் வந்த ஆண்டைக் கேட்க வேண்டும். பிறகு: தை மாதத்தில் தனியே 105இல் ஏறி வென்டோம் நிலையத்தில் இறங்கி மருத்துவமனைக்குப் போய்வர முடியுமா? மருத்துவரிடம் நோவை நீங்களே சொல்வீர்களா? கடந்த மாதம் இந்த வீட்டில் உங்களிடம் யோசனை கேட்டு முடிவெடுத்த காரியம் ஒன்று சொல்லுங்கள். கடைசியாக யாருக்கு, எதைக் கற்றுக்கொடுத்தீர்கள்? இதே கேள்விகளை அதே மனிதர் ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு மாதத்துக்குள் மறுபடி கேட்க வேண்டும். வயது சில மாதங்களே கூடியிருக்கும். விடைகள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று அப்போது பார்க்கலாம்.