கூண்டும் ஒரு பிடி மண்ணும்

திருவண்ணாமலை போன்ற ஊர்களில், சிறுபிள்ளைகள் இருக்கும் வீடுகள் பலவற்றில் இன்று ஒரு கம்பிக்கூண்டு தொங்குவதைக் காணலாம். உள்ளே சிவந்த அலகுடைய ஜீப்ரா ஃபின்ச் இணையோ, வெள்ளையும் பழுப்புமான பெங்காலீஸ் ஃபின்ச் இணையோ தத்திக்கொண்டிருக்கும். காலையில் ஒரு கிண்ணம் உலர்ந்த தினை, ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் முடிந்துவிடுகிறதா? இதற்கு விடை தேடினால் வரலாறு நம்மை மதீனா, அகமதாபாத், லண்டன் என மூன்று நகரங்களுக்கு அழைத்துச் செல்கிறது.

மதீனத்துச் சிறுவனின் குருவி

அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களுக்குத் தாய்வழித் தம்பி ஒருவர் இருந்தார். அபூ உமைர் என்பது அச்சிறுவரின் பெயர். அவர் ஒரு சிறு குருவியை வளர்த்து அதனோடு விளையாடி வந்தார். அரபியில் அதனை ‘நுஃகர்’ என்பர். சிட்டுக்குருவி போன்ற, சிவந்த அலகுடைய சிறு பறவை என்று விரிவுரையாளர்கள் அதனை விளக்கியுள்ளனர். அக்குருவி இறந்துபோயிற்று. அவ்வீட்டிற்கு வருகை தரும் வழக்கமுடைய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வாடியிருந்த சிறுவரை அவருடைய பெயருக்கு எதுகையாக அமையும்படி அன்போடு விளித்து, குருவி என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

சில சொற்களே கொண்ட இந்த ஹதீஸிலிருந்து ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் ஏறத்தாழ 60 பாடங்களை எடுத்துத் தனி நூலாகவே எழுதினார். பிற்காலத்தில் இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி, புகாரிக்கு எழுதிய தம் விரிவுரையான ஃபத்ஹுல் பாரியில் அவற்றைச் சுருக்கித் தந்தார். பிள்ளைகள் பறவையோடு விளையாடுவது கூடும், பறவையைக் கூண்டில் வைத்து வளர்ப்பதும் கூடும் என்பன அப்பாடங்களுள் சில. ஆனால் இந்த அனுமதி தனித்து நிற்பதன்று. அதன் மறுபக்கமாக வேறொரு ஹதீஸ் இருக்கிறது.

ஒரு பூனையை அடைத்துவைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய அந்த ஹதீஸ் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. ஆயினும் அதில் ஒரு நுட்பத்தை நாம் கவனியாமல் கடந்துவிடுகிறோம். அப்பெண்மீது சுமத்தப்பட்ட குற்றம் இரு கூறுகளைக் கொண்டது. அவள் தானும் உணவளிக்கவில்லை. பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தானே தேடித் தின்னும்படி அதனை வெளியே விடவும் இல்லை. அதாவது, அடைத்துவைத்தல் என்பது ஓர் உயிருக்கும் பூமிக்கும் இடையே சுவர் எழுப்புதல். பூமி ஊட்டிவந்த உயிரை நாம் அடைத்தால், பூமியின் பொறுப்பு நம் தோளுக்கு வந்துவிடுகிறது.

‘சுல்தானுல் உலமா’ என்று போற்றப்பட்ட இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (மறைவு ஹிஜ்ரி 660) தம் கவாஇதுல் அஹ்காம் நூலில், மனிதர்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியுள்ளார். தம்மால் பயனில்லாத நிலையிலும் பராமரிக்கப்படும் உரிமை, தமக்குத் தீங்கு தருவனவற்றோடு சேர்த்து வைக்கப்படாதிருக்கும் உரிமை, நல்ல இருப்பிடத்துக்கான உரிமை ஆகியன அவற்றுள் அடங்கும். 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இப்பட்டியலை இன்றைய கூண்டின் முன் நின்று படித்துப் பார்ப்பது நல்லது.

ஊர்ப் பெயரைச் சுமந்த சில்லை

நம் நாட்டுச் சில்லைகள் உலகச் சந்தைக்குப் போன கதை அகமதாபாத்திலிருந்து தொடங்குகிறது. சுல்தான் அஹ்மத் ஷா 1411இல் நிறுவிய அந்நகரிலிருந்து செந்நிறச் சிறு குருவிகள் கூண்டு கூண்டாகச் சூரத் துறைமுகத்திற்கு வந்தன. 1670களில் சூரத்தில் இருந்த ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஃபிரையர், ஒரே கூண்டில் 50 குருவிகள் சேர்ந்து பாடுவதை வியந்து எழுதியுள்ளார். ஐரோப்பியர் நாவில் அகமதாபாத் ‘அவடவத்’ என்றும் ‘அமடவத்’ என்றும் சிதைந்து, அதுவே குருவியின் பெயராயிற்று. 1758இல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோதும் ‘அமண்டவா’ என்று அந்த ஊர்ப் பெயரே நிலைத்தது. தமிழில் நாம் சிவப்புச் சில்லை என்று அழைப்பது இதனைத்தான்.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சிவப்புச் சில்லை, வெண்புள்ளிகள் தெளித்த குங்குமச் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்புக்காகவே மக்கள் அதனை வாங்கினர். ஆனால் கூண்டில் உலர்தானியத்தை மட்டும் தின்று வாழும் சில்லைகளின் சிவப்பு மங்கி, இறகுகள் கருத்துப்போவதைப் பறவை வளர்ப்போர் நெடுங்காலமாகவே கண்டுவந்தனர். இதன் காரணம் இன்று தெளிவு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மூலமான கரோட்டினாய்டு நிறமிகளைப் பறவையின் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. இளந்தளிர், பால்பிடித்த கதிர், சிறு பூச்சி ஆகியவற்றிலிருந்தே பெறவேண்டும். எந்த அழகுக்காகப் பறவை பிடிக்கப்பட்டதோ அந்த அழகையே கூண்டு அழித்தது. பூமியிலிருந்து பிரித்ததன் அடையாளம் இறகிலேயே எழுதப்பட்டுவிட்டது.

லண்டன் தெருவில் விற்ற மண்

ஐரோப்பாவில் கூண்டுப்பறவை வளர்ப்பு பெருகியபோது, இந்தக் குறையை அறிஞர்கள் மட்டுமின்றித் தெருவோர ஏழைகளும் அறிந்திருந்தனர். 1851இல் ஹென்றி மேஹ்யூ லண்டனின் உழைக்கும் ஏழைகளைப் பற்றி வெளியிட்ட பெருநூலில் ஒரு வியப்பான தொழில் பதிவாகியுள்ளது. நகரின் புறத்தேயுள்ள வெளிகளில் முளைத்த களைக்கீரைகளைப் பறித்து, கூண்டுக்குருவிகளின் உணவாகத் தெருத்தெருவாக விற்று வாழ்ந்தோர் இருந்தனர். வேரும் மண்ணும் சேர்ந்த புல்தரையைத் துண்டு துண்டாக வெட்டி விற்றோரும் இருந்தனர். அப்புல்துண்டு வானம்பாடிக்கு உரியது. வானம்பாடிக் கூண்டின் முன்புறம் வெளியே புடைத்திருக்கும். அங்கே பசும்புல் துண்டு வைக்கப்படும். பறவை அதன்மேல் நின்று பாடும்.

ஓர் ஏழையின் கையிலிருந்த அந்த மண்துண்டு இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. கூண்டுப்பறவைக்குத் தானியத்திற்கு அப்பாலும் தேவை உண்டு என்பது ஒன்று. வானளாவப் பறந்து பாடும் பறவைக்கு ஒரு சாண் புல் ஒருபோதும் ஈடாகாது என்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது உண்மையை நம் நாட்டுச் சட்டமும் ஏற்றுள்ளது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1990–91இல் வந்த தடைகளும், இந்தியக் காட்டுப்பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் குற்றமாக்கின. சிவப்புச் சில்லை, புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை ஆகிய எதையும் வீட்டில் வளர்க்க நமக்கு உரிமையில்லை. நன்மையை நாடி விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிடுவோரும் இதனை எண்ணவேண்டும்: நாம் தரும் பணம் அடுத்த வலைக்கே முதலாகிறது. ஜீப்ரா ஃபின்ச் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. பெங்காலீஸ் ஃபின்ச், வெண்முதுகுச் சில்லையின் வழித்தோன்றலாகச் சீனாவிலும் ஜப்பானிலும் மனிதர் கையிலேயே உருவானது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த இவற்றைத் திறந்துவிட்டால் பசியாலோ பருந்தாலோ மடியும். ஆகவே இவற்றுக்குக் கூண்டைத் திறப்பதைவிட, கூண்டுக்குள் பூமியைக் கொண்டுவருவதே நம்மால் இயன்ற நீதி.

முளை சொல்லும் செய்தி

ஜீப்ரா ஃபின்ச் தரையில் இரைதேடும் பறவை. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் மழை பெய்து புல் துளிர்க்கும் காலத்தில்தான் அது பெரும்பாலும் குஞ்சு பொரிக்கும். முற்றாத மணியையும் முளைவிட்ட விதையையும் குஞ்சுக்கு ஊட்டும். நம் ஊர்ச் சில்லைகளும் மழைக்குப்பின் ஏரிக்கரைப் புற்களில் பால்பிடித்த கதிரைத் தேடுவன. முளை என்பது அவற்றுக்கு வெறும் உணவன்று. மழை வந்துவிட்டது என்னும் செய்தியும் ஆகும். உலர்தினையில் வைட்டமின் ‘ஏ’க்கு மூலமானதும் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பெட்டை, முட்டையிட இயலாமல் இறந்துபோவதுண்டு.

இவ்வகையில் நம் மாவட்டத்தார் பேறுபெற்றவர்கள். சாமைக்கும் தினைக்கும் பெயர்பெற்ற ஜவ்வாது மலை நமக்கு அருகிலேயே உள்ளது. உமி நீக்கிய தினையரிசி முளைக்காது; உமியோடு கூடிய தினையோ சாமையோ கம்போ வாங்கவேண்டும். விதைப்புக்கென மருந்து கலந்து நிறமேற்றிய விதை அறவே கூடாது. இரவில் ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை கழுவி வந்தால் ஓரிரு நாளில் வெண்முளை தெரியும். புளித்த வாடை வந்தால் எறிந்துவிடவேண்டும். நம் வெயிலில் முளைத்தானியம் விரைவில் கெடும். ஆதலால் காலையில் சிறிதளவு வைத்து, மீந்ததை உச்சிவேளைக்குமுன் எடுத்துவிடுவது நலம்.

மண்ணோடு கூடிய பசுமைக்கு ஓர் அகன்ற மண்தட்டு போதும். பூச்சிமருந்து படாத, நாய், பூனை, கோழி எச்சமில்லாத இடத்து மண்ணை எடுத்து நன்றாக வெயிலில் காயவைத்து, தட்டில் பரப்பித் தினையை விதைத்தால் ஒரு வாரத்தில் பசுந்தளிர் எழும். தட்டை அப்படியே கூண்டுக்குள் வைக்கலாம். குருவி தளிரைக் கொத்தும், வேரைக் கிளறும், மண்ணில் உப்பும் சிறுமணலும் தேடும். அத்தேடலே அதற்குப் பாதி வாழ்வு. தட்டு அழுக்கானதும் மாற்றி, இன்னொன்றை வைக்கவேண்டும். வேகவைத்து நொறுக்கிய முட்டையோடும் கணவாய் ஓடும் சுண்ணாம்புச் சத்தைத் தரும்.

இப்பணியைப் பிள்ளைகளிடமே ஒப்படைப்பது சிறந்தது. விதைத்ததிலிருந்து ஒரு பறவை உண்டாலும் அது விதைத்தவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. தட்டில் தினை விதைக்கும் சிறுமிக்கு அந்த நபிமொழியைப் பாடநூலிலிருந்து விளக்கவேண்டியதில்லை. வானில் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் திருக்குர்ஆனின் போதனையும் (6:38) அவளுக்குத் தானாகவே விளங்கும்.

அபூ உமைரின் குருவி இறந்தபோது நபிகளார் அதனை அற்பமாகக் கருதவில்லை. அதன் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். நம் பொறுப்பில் உள்ள குருவியைப் பற்றி நாளை நம்மிடமும் கேட்கப்படலாம். உணவு கொடுத்தேன் என்று மட்டும் சொல்லாமல், அதற்குரிய மண்ணையும் பசுமையையும் கொடுத்தேன் என்று சொல்லும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.