ஒரு சுழி

ஷிப் என்றால் கப்பல். ஷீப் என்றால் ஆடு. மதுரையில் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது நான் கப்பல்களை மேய்ச்சலுக்கு ஓட்டிப் பிரம்படி வாங்கியவன். 'ரீட்' என்றாலும் 'ரெட்' என்றாலும் ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றே. நெடிலா குறிலா என்பதை வாசிக்கிறவன் ஊகித்துக்கொள்ள வேண்டும். தமிழில் இந்தத் தொல்லை இல்லையே என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமைக்கு வயது சுமார் 300 ஆண்டுகளே என்பது பிறகுதான் தெரிந்தது.

எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி உண்டு, நெடில்களுக்கு இல்லை என்பது தொல்காப்பியர் விதி. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஏடெழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். அப்புறம் 'எரி'யும் 'ஏரி'யும் ஏட்டில் ஒன்றாகிவிட்டன. ஒன்று நெருப்பு, மற்றது நீர்!

இதைத் தீர்க்க வந்தவர் இத்தாலியில் 1680-ல் பிறந்து, மதுரை மிஷனில் பணிபுரிந்து, 1747-ல் மறைந்த பெஸ்கி பாதிரியார், நம் வீரமாமுனிவர். கொம்பின் தலையைச் சுழித்தால் நெடில் என்றார். 'கெ' வேறு, 'கே' வேறு ஆயிற்று.

தாய்மொழிக்காரன் பழக்கத்தால் ஊகித்துவிடுவான். பிள்ளையைப் போல எழுத்துக் கூட்டிப் படித்த அந்நியருக்குத்தான் குறை தெரிந்தது. ஆங்கிலத்துக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. நம் பிள்ளைகள் இன்னும் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள்.